விளையாட்டுத்திடல் காப்புத்தரை

விளையாட்டுத்திடல் காப்புத்தரை என்பது ஊஞ்சல், சறுக்கு, ஏறுகம்பி, ராட்டினம் முதலிய விளையாட்டுக் கருவிகளிலிருந்து தவறி விழும் குழந்தைக்குப் பலத்த அடி படாதவாறு அக்கருவிகளின் கீழும் சுற்றிலும் அமைக்கப்படும் அதிர்ச்சி தாங்கும் தரைப்பரப்பு ஆகும். மணல், பொடிக்கூழாங்கல், மரச்சீவல், இரப்பர்த் துகள் போன்ற உதிரிப் பொருட்களாலும், இரப்பர் ஓடு, வார்ப்பு இரப்பர் போன்ற ஒட்டுத்தரைகளாலும் இது அமைக்கப்படுகிறது. விளையாட்டுத்திடல்களில் ஏற்படும் காயங்களுக்கு முதன்மைக் காரணம் விழுதலே ஆகும். கருவி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதன் கீழுள்ள தரை சிமெண்டாகவோ இறுகிய மண்ணாகவோ இருந்தால் அத்திடல் பாதுகாப்பானதன்று.

இக்கட்டுரை காப்புத்தரையின் பொது இயல்புகளையும், திருநெல்வேலி, தாமிரபரணிப் பள்ளத்தாக்குப் பகுதியில் அதனைத் தெரிவு செய்வதிலும் பராமரிப்பதிலும் எழும் சிக்கல்களையும் விளக்குகிறது.

விழுதலின் இயற்பியல்

1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒரு பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வேகத்தை அடைகிறது. 2 மீட்டரிலிருந்து விழுந்தால் 22 கிலோமீட்டருக்குச் சற்று மேலும், 3 மீட்டரிலிருந்து விழுந்தால் ஏறத்தாழ 28 கிலோமீட்டரும் ஆகும். சராசரி மிதிவண்டியைவிட இது விரைவு. இவ்வேகம் முழுவதும் தரையைத் தொட்டபின் மிகக் குறுகிய தொலைவில் சுழியமாக வேண்டும். காயத்தின் அளவைத் தீர்மானிப்பது அந்தத் தொலைவுதான்.

இதனை எளிய கணக்கொன்றால் அறியலாம். விழுந்த உயரத்தை, நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தொலைவால் வகுத்தால், உடல் உணரும் சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தின் எத்தனை மடங்கு என்பது ஏறத்தாழக் கிடைக்கும். 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை, தளர்ந்த மணலில் 4 செ.மீ. அமிழ்ந்து நின்றால் எதிர்முடுக்கம் 50 மடங்கு. அதே தலை சிமெண்டுத் தரையில் 2 மி.மீ. மட்டுமே நெகிழ இடம் கிடைத்து நின்றால் 1000 மடங்கு. உயரமும் வேகமும் மாறவில்லை. தரை மட்டுமே மாறியிருக்கிறது.

தரையை அளக்க இரண்டு அளவுகள் பயன்படுகின்றன. ஒன்று, உச்ச எதிர்முடுக்கம். மற்றொன்று, அந்த எதிர்முடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் தலைக்காயச் சுட்டெண். கருவி பொருத்திய தலை வடிவ உலோகக் குண்டொன்றைத் தரையின்மீது வெவ்வேறு உயரங்களிலிருந்து போட்டு இவை அளக்கப்படுகின்றன. அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்1292 சீர்தரத்தின்படி உச்ச எதிர்முடுக்கம் 200 மடங்கையும், தலைக்காயச் சுட்டெண் 1000ஐயும் தாண்டக்கூடாது. இவ்வரம்புகளைத் தாண்டாமல் ஒரு தரை தாங்கக்கூடிய மிகக்கூடிய உயரம் அத்தரையின் 'மாறுநிலை வீழ்ச்சி உயரம்' எனப்படும். கருவியின் வீழ்ச்சி உயரம் இதைவிடக் குறைவாக இருக்கவேண்டும் என்பதே காப்புத்தரையைத் தெரிவு செய்வதன் அடிப்படை விதி.

இவ்வளவுகள் தலையை மட்டுமே கருத்தில் கொண்டவை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். விழும் குழந்தை கையை ஊன்றுவது இயல்பு. ஆகவே முன்கை, முழங்கை எலும்பு முறிவுகள் நல்ல தரையிலும் ஏற்படக்கூடும். காப்புத்தரை உயிரிழப்பையும் மூளைக்காயத்தையும் குறைப்பதற்கானது.

வரலாறு

குழந்தைகளுக்கான பொது மணற்குவியல்கள் பெர்லின் நகரப் பூங்காக்களில் இருந்தன. அவற்றைப் பின்பற்றி 1880களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 'மணல் தோட்டங்கள்' அமைக்கப்பட்டன. பொது விளையாட்டுத்திடலின் தொடக்கமாகவே இவை கருதப்படுகின்றன. பின்னர் உயரமான இரும்புக் கருவிகள் பரவின. பராமரிப்பு எளிது என்பதால் அவற்றின் கீழ்த் தார்த்தரையும் பரவியது. விளையாட்டுத்திடல் மணலில் தொடங்கித் தாருக்குச் சென்று மீண்டும் மணலுக்குத் திரும்ப ஏறத்தாழ நூறாண்டு பிடித்தது எனலாம். அமெரிக்க நுகர்வோர் பொருட்கள் பாதுகாப்பு ஆணையம் 1981இல் பொது விளையாட்டுத்திடல்களுக்கான கையேட்டை வெளியிட்டது. ஐரோப்பாவில் 1998இல் ஈஎன் 1176, ஈஎன் 1177 ஆகிய சீர்தரங்கள் வந்தன.

இந்தியாவில் கல்வி உரிமைச் சட்டம் 2009 இன் அட்டவணை ஒவ்வொரு பள்ளியிலும் விளையாட்டுத்திடல் இருக்கவேண்டும் என்கிறது. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத்திடல்கள் மற்றும் திறந்தவெளிகள் சட்டம் 1959 அவ்விடங்கள் வேறு பயன்பாட்டுக்கு மாற்றப்படாமல் காக்க முனைகிறது. 2015இல் தொடங்கப்பட்ட அம்ருத் திட்டத்தில் குழந்தைகளுக்கு உகந்த பூங்காக்களுக்கெனத் தனி ஒதுக்கீடு இருந்தது. திருநெல்வேலி அத்திட்ட நகரங்களுள் ஒன்று. இச்சட்டங்களின் அக்கறை இடம் இருக்கிறதா என்பதில்தான் உள்ளது. அவ்விடத்தின் தரை எப்படி இருக்கவேண்டும் என்பதில் இல்லை. ஊஞ்சல், சறுக்கு முதலியவற்றுக்கான இந்தியச் சீர்தரம் ஐஎஸ் 9873 இன் 4ஆம் பகுதியும் வீட்டுப் பயன்பாட்டுப் பொருட்களுக்கே உரியது. எனவே பூங்கா அமைக்கும் உள்ளாட்சிகளும் பள்ளிகளும் மேற்கூறிய அயல்நாட்டுக் கையேடுகளைத் துணையாகக் கொள்வது பயன்தரும். ஆனால் அக்கையேடுகள் வேறு தட்பவெப்பத்தையும் வேறு பொருட்களையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை.

ஆற்றுமணல்

நன்கு கழுவிய, உருண்ட மணிகளையுடைய ஆற்றுமணல் மிகப் பழமையான காப்புத்தரை. மல்யுத்தக் கோதாவிலும், சடுகுடு ஆடுகளத்திலும், நீளம் தாண்டும் குழியிலும் நம் ஊர்களில் மணல் கொட்டப்படுவது இதற்காகவே. மணிகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு விலகுவதால் விழும் உடலுக்கு அமிழ இடம் கிடைக்கிறது. இதற்கு மணிகள் ஏறத்தாழ ஒரே அளவினதாகவும், களியும் வண்டலும் அற்றதாகவும் இருத்தல் வேண்டும். ஐரோப்பியச் சீர்தரம் 0.2 முதல் 2 மி.மீ. வரையிலான மணிகளைக் குறிப்பிடுகிறது. களி கலந்த மணல் ஒரு மழைக்குப்பின் இறுகிச் செங்கல்போல ஆகிவிடும்.

மணலின் ஆழத்தைப் பற்றிக் கையேடுகள் வேறுபடுகின்றன. ஐரோப்பியச் சீர்தரம் 20 செ.மீ. மணலை 2 மீட்டர் வீழ்ச்சிக்கும், 30 செ.மீ. மணலை 3 மீட்டர் வீழ்ச்சிக்கும் போதுமானதாகக் கொள்கிறது. விளையாட்டில் சிதறுவதை ஈடுகட்டக் கூடுதலாக 10 செ.மீ. இடச் சொல்கிறது. அமெரிக்கக் கையேடோ 9 அங்குல மணலுக்கு 4 அடி, அதாவது 1.2 மீட்டர் உயரத்தை மட்டுமே ஏற்கிறது. மணலின் தன்மை இடத்துக்கு இடம் பெரிதும் மாறுவதும், ஈரமும் இறுக்கமும் அதன் நெகிழ்வைக் குறைப்பதும் இத்தகைய வேறுபாட்டுக்கு இடமளிக்கின்றன. எங்கிருந்து வந்தது என்று தெரியாத, சோதிக்கப்படாத மணலைப் பயன்படுத்தும் ஒரு சிற்றூர்ப் பள்ளி இரண்டில் குறைந்த அளவை நம்புவதே அறிவுடைமை.

தாமிரபரணி பொதிகை மலையில் தோன்றிப் பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாக ஏறத்தாழ 128 கி.மீ. ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. இவ்வாற்றங்கரை ஊர்களில் விளையாட்டுத்திடலுக்கு மணல் என்பது ஒருகாலத்தில் ஒரு பொருட்டே அன்று. ஒரு மாட்டுவண்டி போதும். அந்நிலை இன்று இல்லை. தமிழ்நாட்டில் மணல் எடுக்கும் உரிமையை 2003இல் அரசே ஏற்றுக்கொண்டது. கட்டுமானத் தேவை பெருகியதால் தாமிரபரணியிலும் அளவுக்கு மீறி மணல் அள்ளப்பட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவரான இந்தியப் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் இரா. நல்லகண்ணு தொடுத்த பொதுநல வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010இல் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. ஆற்றுப்படுகையின் மணல், நீரைத் தேக்கிவைத்து அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கும் குடிநீர் உறை கிணறுகளுக்கும் ஊட்டுவது. மணல் போன இடத்தில் ஆறு ஆழ்ந்து கால்வாய்த் தலைப்புகள் மேலே நின்றுவிடுகின்றன. கரையும் பாலத்தின் அடித்தளமும் அரிக்கப்படுகின்றன.

எனவே குழந்தைகளுக்கு மிக உகந்ததும் மலிவானதும் ஆன தரைப்பொருள், அக்குழந்தைகளின் குடிநீரைக் காத்து நிற்கும் பொருளாகவும் இருக்கிறது. தேவையின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டு இருக்கைகள் கொண்ட ஊஞ்சலொன்றின் தொங்குபுள்ளி 2.4 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். ஊஞ்சலின் முன்னும் பின்னும் தொங்குபுள்ளி உயரத்தின் இருமடங்குத் தொலைவும், பக்கங்களில் 1.8 மீட்டரும் காப்புத்தரை வேண்டும் என்பது அமெரிக்கக் கையேட்டின் விதி. மேற்சட்டத்தின் நீளம் 3 மீட்டர் எனில், 9.6 மீட்டருக்கு 6.6 மீட்டர் பரப்பு தேவை. 30 செ.மீ. ஆழத்துக்கு 19 கன மீட்டர் மணல், அதாவது 100 கன அடி கொண்ட யூனிட் கணக்கில் ஏறத்தாழ 6.7 யூனிட். ஒரே ஓர் ஊஞ்சலுக்கு இவ்வளவு.

அதே ஊஞ்சலின் தொங்குபுள்ளியை 1.5 மீட்டராகக் குறைத்தால் பரப்பு 6 மீட்டருக்கு 6.6 மீட்டராகச் சுருங்கி, மணல் தேவை 12 கன மீட்டருக்குள் அடங்கிவிடும். விழும் உயரமும் குறையும். தொடக்கப்பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் உயரமான கருவிகளை வாங்கிப் பின் தரையைத் தேடுவதைவிட, தாழ்ந்த கருவிகளை வாங்குவதே மலிவான காப்பு. கருவியின் பட்டியலில் உயரம் விற்பனைச் சிறப்பாகக் காட்டப்படுவதால் இது எளிதில் மறக்கப்படுகிறது.

மணலுக்கு மாற்றாகக் கருதப்படுபவை

கல்லுடைப்பு ஆலைகளில் கிடைக்கும் எம்-சாண்ட் கட்டுமானத்தில் ஆற்றுமணலுக்கு மாற்றாகிவிட்டது. ஆனால் கட்டுமானத்தில் அதன் சிறப்பாகக் கருதப்படுவதே இங்குக் குறை. அதன் மணிகள் கோணலும் கூர்மையும் உடையவை. ஒன்றோடொன்று பின்னிப் பிடித்துக்கொள்கின்றன. கலந்திருக்கும் கல்மாவு ஈரத்தில் இறுகுகிறது. காய்ந்தால் தூசாகப் பறக்கிறது. சிமெண்டுக் கலவைக்கு நல்லது குழந்தைக்கு நல்லதாக இராது.

திருச்செந்தூர், சாத்தான்குளம் பகுதிகளில் காணப்படும் தேரி மணல் சிவந்த, மிக நுண்ணிய மணல். காற்றில் எளிதில் பறப்பதாலும், மணிகளின்மேல் இரும்பு ஆக்சைடும் களியும் படிந்திருப்பதாலும் இது உகந்ததன்று. தேரிக்காடுகள் தமக்கென ஒரு நிலவியல் மரபு உடையவை என்பதால் அங்கிருந்து மணல் எடுப்பதும் விரும்பத்தக்கதன்று.

கடற்கரை மணலில் உள்ள உப்பு கருவிகளின் கால்களைத் துருப்பிடிக்கச் செய்யும். மேலும் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைகளின் சில பகுதிகளில் இல்மனைட், கார்னெட் ஆகியவற்றுடன் தோரியம் கொண்ட மோனசைட்டும் கலந்திருக்கிறது. இக்கனிமங்களை எடுப்பதைத் தமிழக அரசு 2013இல் நிறுத்தியது.

5 முதல் 10 மி.மீ. வரையிலான உருண்ட பொடிக்கூழாங்கல் மணலைவிடச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். 9 அங்குலத்துக்கு 5 அடி என்பது அமெரிக்கக் கையேட்டின் கணக்கு. நீர் எளிதில் வடியும். பூனையும் நாயும் அதில் மலம் கழிக்க விரும்புவதில்லை. ஆனால் சிறு குழந்தைகள் வாயிலும் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வதால் அங்கன்வாடிக்கு ஏற்றதன்று. இதுவும் ஆற்றிலிருந்தே வரவேண்டும் என்பதையும் கருதவேண்டும்.

மரச்சீவல் 9 அங்குலத்துக்கு 10 அடி வரை தாங்கும் என அதே கையேடு கூறுகிறது. உதிரிப் பொருட்களில் சிறந்த அளவுகளுள் இது ஒன்று. ஆயினும் நம் பகுதியில் கறையான் இதனை ஒரு பருவத்தில் தின்றுவிடும். ஈரமான சீவலுள் பூரானும் தேளும் தங்கும். வேதிமருந்து ஊட்டிய மரத்தின் சீவலை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அம்பாசமுத்திரம், தென்காசி வட்டாரங்களில் தாராளமாகக் கிடைக்கும் தேங்காய் மட்டைச் சீவலை இதற்கு மாற்றாக எண்ணிப்பார்க்கலாம். அது மெதுவாக மட்குவது, மென்மையானது. தாழ்ந்த கருவிகளின் கீழ் முயன்று பார்க்கத்தக்கது எனினும், சோதனையில் அளந்தறியாமல் உயர்ந்த கருவியின் கீழ் அதை நம்பக்கூடாது. நார்க்கழிவைத் தனியே கொட்டினால் மழையில் சகதியாகிவிடும்.

புல்தரை புதிதாக இருக்கும்வரை மென்மையாகத் தோன்றும். ஊஞ்சலின் கீழும் சறுக்கின் அடியிலும் சில வாரங்களில் புல் தேய்ந்து, கோடையில் செம்மண் கல்லாக இறுகிவிடும். புல்லையும் மண்ணையும் அமெரிக்கக் கையேடு காப்புத்தரையாக ஏற்பதேயில்லை. ஐரோப்பாவில் தாழ்ந்த உயரங்களுக்கு மட்டும் புல் ஏற்கப்படுகிறது. ஆண்டு முழுதும் மழை பெய்யும் நாடுகளின் புல் அது. கரிசல் மண் பகுதியில் சிக்கல் வேறு: மழையில் சேறு, வெயிலில் வெடிப்பு.

இரப்பர்த் தரை

நகரப் பூங்காக்களில் அண்மைக்காலத்தில் வண்ண இரப்பர் ஓடுகளும் வார்ப்புத் தரைகளும் பரவி வருகின்றன. அடியில் பழைய டயர்த் துகள்களும், மேலே வண்ணச் செயற்கை இரப்பரும் கொண்டவை இவை. சிதறுவதில்லை, சக்கர நாற்காலியில் வரும் குழந்தையும் கருவியை அணுகலாம். மணலில் இது இயலாது. ஆதலால் இரப்பரை வெறும் ஆடம்பரம் என ஒதுக்குவது சரியன்று.

எனினும் மூன்று செய்திகளைக் கவனிக்கவேண்டும். முதலாவது, தடிமன். வண்ணத்தைக் கண்டு தரையின் தகுதியை அறிய முடியாது; சிமெண்டின்மேல் ஒட்டிய மெல்லிய ஓடு, நடைபாதைக்குப் போதும், ஊஞ்சலுக்குப் போதாது. எந்த உயரத்துக்குச் சோதிக்கப்பட்டது என்ற சான்றை விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். இரண்டாவது, வெப்பம். திருநெல்வேலியில் கோடையில் வெப்பநிலை 40 பாகையை ஒட்டிச் செல்வது வழக்கம். நேர்வெயிலில் அடர்நிற இரப்பர் காற்றைவிடப் பல பாகை கூடுதலாகச் சூடேறி 60 பாகையைத் தாண்டக்கூடும். அவ்வெப்பத்தில் குழந்தையின் பாதத்தோல் சில நொடிகளில் புண்ணாகும். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடுவது நம் குழந்தைகளின் வழக்கம் என்பதால் இது சிறிய செய்தியன்று. வேம்பு, புங்கம் போன்ற மரங்களின் நிழலோ கூரையோ இன்றி இரப்பர்த் தரை அமைப்பது வீண்செலவு. மூன்றாவது, வேதிப்பொருட்கள். டயர்த் துகள்களில் பல்வளைய நறுமண ஐதரோகார்பன்கள் இருப்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஆகத்து முதல் விளையாட்டுத்திடல் துகள்களில் அவற்றுள் எட்டின் கூட்டு அளவைக் கிலோகிராமுக்கு 20 மில்லிகிராம் என வரையறுத்துள்ளது.

பராமரிப்பு

உதிரித்தரை கொட்டிய அன்றே குறையத் தொடங்குகிறது. காலப்போக்கில் குறைந்தது கால்பங்கு அமுங்கிவிடும் என்பதால் 9 அங்குலம் வேண்டுமெனில் 12 அங்குலம் இடவேண்டும். ஊஞ்சலின் கீழும் சறுக்கு முடியும் இடத்திலும் கால்கள் உதைத்து உதைத்துக் குழி விழும். குழந்தைகள் மிகுதியாக விழும் இடமே மணல் மிகக் குறைந்த இடமாக ஆகிவிடுகிறது. கருவியின் காலில் தேவையான மட்டத்தை வண்ணக்கோட்டால் குறித்துவைத்தால் ஆசிரியரோ காவலரோ ஏன் மாணவரோ கூட ஒரே பார்வையில் குறையைக் காணலாம். காலையில் பலகையால் மணலைக் குழிக்குள் இழுத்துவிட ஐந்து நிமிடம் போதும்.

வாரம் ஒருமுறை முள்வாரியால் கிளறி, கண்ணாடிச் சில்லு, ஆணி, முள் ஆகியவற்றை அகற்றவேண்டும். இறுகியிருந்தால் மண்வெட்டியால் கொத்திப் புரட்டவேண்டும். கையால் தோண்டும்போது மணிக்கட்டு வரை எளிதில் இறங்காத மணல் இறுகிவிட்டது எனக் கொள்ளலாம். இது சீர்தரச் சோதனையன்று, ஓர் அடையாளம் மட்டுமே. கருவியின் கால்களைப் பிடித்திருக்கும் சிமெண்டுக் கட்டை மணலுக்கு மேலே தலைகாட்டினால் அன்றே மூடவேண்டும். சிமெண்டுத் தரையின்மேல் நேரடியாக மணலைப் பரப்புவதும் தவறு. சிதறியதும் அடித்தளம் வெளிப்பட்டுவிடும்.

நாய், பூனை மலத்தால் மணலில் உருண்டைப்புழு, கொக்கிப்புழு ஆகியவற்றின் முட்டைகளும் இளம்புழுக்களும் பரவுகின்றன. வெறுங்காலில் தோலைத் துளைத்து அரிப்பும் வளைந்த தடிப்பும் உண்டாக்குவது கொக்கிப்புழுவின் இளம்புழுக்களின் இயல்பு. சுற்றுவேலி, இரவில் வலை மூடல், வெயில்படக் கிளறுதல் ஆகியவை இதைக் குறைக்கும். விளையாடியபின் கைகழுவக் குழாய் ஒன்று அருகில் இருத்தல் நன்று.

ஆனி, ஆடி மாதக் காற்றில் மணல் ஒருபக்கமாகக் குவியும். முழங்கால் உயரக் கட்டுச்சுவர் கட்டுவோர் உண்டு. அதன் கூரிய சிமெண்டு விளிம்பே புதிய ஆபத்தாகிவிடும். தென்னைத் தடியோ, பாதி புதைத்த பழைய டயரோ விளிம்பாக இருந்தால் நல்லது. அவ்விளிம்பும் விழும் எல்லைக்கு வெளியே இருக்கவேண்டும்.

வெள்ளத்துக்குப் பின்

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் அடிப்பகுதியில் சல்லிக்கல் பரப்பி, அதன்மேல் நீர்புகும் துணி விரித்து, அதற்கு மேலேயே மணல் இடுவதால் நீர் தேங்காது. ஆனால் ஆற்று வெள்ளத்துக்கு இது போதாது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலிச் சந்திப்புப் பேருந்து நிலையம், கொக்கிரகுளம் முதலிய இடங்களும் கீழ்க்கரையில் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகளும் நீரில் மூழ்கின.

இத்தகைய வெள்ளம் வடிந்த திடலில் மணலின்மேல் வண்டல் படிந்திருக்கும். பார்வைக்குச் சமமாகவும் தூய்மையாகவும் தோன்றும் இப்படிவு காய்ந்ததும் ஓடாக இறுகும். சாக்கடை நீரும் கலந்திருக்கக்கூடும். வண்டலை மணலோடு கலந்து கிளறிவிட்டால் மணல் முழுதும் கெட்டுவிடும். எனவே படிவு ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியால் மேலாக வழித்தெடுத்து, அடியிலுள்ள மணலைச் சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்து மீண்டும் இடவேண்டும். புதுமணல் கிடைப்பது அரிதாகிவிட்ட பகுதியில் பழைய மணலைக் கழுவிப் பயன்படுத்துவதே நடைமுறைக்கு ஏற்றது. வழித்தெடுத்த வண்டல் சாக்கடை கலவாததாயின் பள்ளித் தோட்டத்து மரங்களுக்கு உதவும். இரப்பர் ஓடுகளாயின் அடியில் நீர் புகுந்து ஓரங்கள் எழும்பியிருக்கின்றனவா எனப் பார்க்கவேண்டும். எழும்பிய ஓடு கால் தடுக்கும். கருவிகளின் கால்களைச் சுற்றி மண் அரிக்கப்பட்டிருந்தால், கையால் அசைத்துப் பார்த்து உறுதி செய்யும்வரை திடலைப் பூட்டிவைக்க வேண்டும்.